ஆறு சீட்டு வச்சிருந்த மந்திரி பெசார்: பேராவுல நிஜாருக்கு என்னதான் நடந்துச்சு?

மலேசியாவுல பேரா மாநிலத்துல 2009-ல வந்த ஆட்சி நெருக்கடிய பத்தி யாராவது ஆரம்பிச்சா நம்ம ஆளுங்களுக்கு உடனே ரெண்டு காட்சிதான் கண்ணு முன்னாடி வரும். பேரா தலைநகர் ஈப்போவுல ஒரு பெரிய மழைமரம், அதுக்கு கீழ கோட்டு போட்ட சட்டமன்ற உறுப்பினருங்க கூடி நின்னு கை தூக்கி ஓட்டு போடுறாங்க. இன்னொன்னு, சபாநாயகர் சிவகுமார நாற்காலியில இருந்து இழுத்துட்டு போறது. ரெண்டுமே மறக்க முடியாத காட்சிதான், ஆனா அந்த ரெண்டுக்கும் காரணமா இருந்த மனுஷன், முகமது நிஜார் ஜமாலுடின், அவரு யாரு, எப்படி மந்திரி பெசார் (மாநில முதலமைச்சர்) ஆனாரு, எப்படி போனாருன்னு கேட்டா இப்ப உள்ள பிள்ளைங்க பாதி பேருக்கு தெரியாது. அதனாலதான் கொஞ்சம் நிதானமா எழுதலாம்னு தோணுச்சு. நீளமாத்தான் போகும், டீ போட்டு வச்சிக்கிட்டு படிங்க.

நிஜார் 1957-ல கம்பார்ல பொறந்தவரு, படிச்சது இன்ஜினியரிங், கட்சி பாஸ், அது இஸ்லாமிய கட்சி. இஸ்லாமிய கட்சிக்காரர்னு சொன்னா நம்மள்ல பல பேரு மனசுல ஒரு படம் வச்சிருப்பாங்க, அந்த படத்துக்கு இவரு பொருந்தவே மாட்டாரு. தமிழ் பேசுவாரு, மாண்டரின் பேசுவாரு. கம்பார் பழைய ஈயச்சுரங்க ஊரு, சீனவங்களும் நம்மவங்களும் மலாய்க்காரங்களும் பக்கத்து பக்கத்துல வாழ்ந்த இடம், அங்க வளர்ந்தவருக்கு மூனு மொழி வர்றது பெரிய அதிசயம்னு சொல்ல முடியாது, ஆனா அத மேடையில வெக்கப்படாம பயன்படுத்துன மலாய் அரசியல்வாதி எத்தன பேரு இருக்காங்கன்னு விரல் விட்டு எண்ணிப் பாருங்க.

2008-க்கு முன்னாடி அவரு பேரு மாநிலத்துக்கு வெளிய பெருசா தெரியாது. அந்த வருஷம் மார்ச் 8 பொதுத் தேர்தல். அதுக்கு நாலு மாசம் முன்னாடிதான், 2007 நவம்பர் 25, கோலாலம்பூர்ல மலேசிய இந்தியருங்க உரிமைக்காக ஹிண்ட்ராஃப் அமைப்பு நடத்துன பேரணி, கண்ணீர்ப்புகை, தண்ணி பீரங்கி, அப்புறம் அஞ்சு தலைவருங்கள விசாரணை இல்லாம அடைக்கிற ஐஎஸ்ஏ சட்டத்துல பிடிச்சு உள்ள வச்சது எல்லாம். தோட்டத்துல, தாமான்ல (குடியிருப்புல), கோயில் வாசல்ல எங்க பாத்தாலும் "மக்கள் சக்தி" பேச்சுதான். ஐம்பது வருஷமா கண்ண மூடிக்கிட்டு அம்னோ தலைமையில இருந்த ஆளுங்கூட்டணி பாரிசானுக்கு போட்ட தமிழ் ஓட்டு அந்த தேர்தல்ல திரும்புச்சு. பேராவுல இருக்கிற சுங்கை சிப்புட்ல, பாரிசான்ல உள்ள ம.இ.கா-வோட (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் சாமிவேலுவே டாக்டர் ஜெயக்குமார்கிட்ட தோத்துட்டாரு, இதுக்கு மேல என்ன சொல்றது.

பேரா சட்டமன்றத்துல மொத்தம் 59 சீட்டு. பாரிசானுக்கு 28, எதிர்க்கட்சிங்க பக்கம் (கொஞ்ச நாள்ல பக்காத்தான்னு கூட்டணி ஆனவங்க) 31. இந்த 31-ஐ பிரிச்சு பாத்தாதான் பின்னாடி நடந்த எல்லாமே புரியும்: சீனவங்க ஆதரவு அதிகமா உள்ள டிஏபி 18, அன்வார் இப்ராஹிமோட பிகேஆர் 7, பாஸ் 6. அதாவது ஆட்சி அமைக்கப் போற கூட்டணியில ஆகக் கம்மியா சீட்டு வச்சிருந்தது நிஜாரோட கட்சிதான்.

அப்புறம் எப்படி அவரு மந்திரி பெசார்? பேரா மாநில அரசியலமைப்பு மந்திரி பெசார் மலாய்க்காரரா, முஸ்லிமா இருக்கணும்னு சொல்லுது. டிஏபி-ல ஜெயிச்ச 18 பேருல மலாய்க்காரரே கிடையாது. மிச்சம் பிகேஆரும் பாஸும். மாநில ஆட்சியாளர் சுல்தான் அஸ்லான் ஷாகிட்ட பேருங்க போச்சு, அரண்மனை நிஜார தேர்ந்தெடுத்துச்சு. உடனே டிஏபி-க்குள்ள ஒரு பூகம்பம், கட்சியோட மூத்த தலைவர் லிம் கிட் சியாங் பதவியேற்பையே புறக்கணிக்க சொல்லி அறிக்கை விட்டாரு, அப்புறம் சுல்தான்கிட்ட மன்னிப்பு கேட்டு அத வாபஸ் வாங்குனாரு. பதினெட்டு சீட்டு ஜெயிச்சவன் ஆறு சீட்டுக்காரன் தலைமையில ஆட்சி பண்ணணும்னா யாருக்குதான் வலிக்காது. கடைசியா மார்ச் 17 நிஜார் பதவியேத்தாரு.

இங்க ஒரு விஷயத்த நான் அழுத்தமா சொல்லணும். நிஜார் பலமா இருந்ததால மந்திரி பெசார் ஆகல, பலம் இல்லாததாலதான் ஆனாரு. எல்லாரும் ஒத்துக்கிற ஆளு, யாரையும் மிரட்ட முடியாத ஆளு. அந்த நாற்காலிக்கு அவர கொண்டு போனதும் அதுதான், அவர விட்டு நாற்காலி போறப்ப தடுக்க முடியாம போனதும் அதுதான். அம்னோ பிரச்சாரம் முழுக்க இதையே பிடிச்சு தொங்குச்சு, நிஜார் ஒரு பொம்மை, பின்னாடி நூல இழுக்கிறது டிஏபி-யோட ஙே கூ ஹாமும் ஙா கோர் மிங்கும்னு. கம்போங்ல (மலாய் கிராமத்துல) இது நல்லாவே எடுபட்டுச்சு.

உள்ளபடி என்ன பண்ணாங்க? பதினோரு மாசம் கூட முழுசா இல்ல, அதனால பெருசா லிஸ்ட் போட முடியாது. ஆனா ஒரு வேலைய மட்டும் சொல்லியே ஆகணும், நிலப்பட்டா. பேராவுல புதுக்கிராமங்கள் நூத்துக்கு மேல இருக்கு. எமர்ஜென்சி காலத்துல, அதாவது 1948-ல இருந்து கம்யூனிஸ்ட் போராட்டம் நடந்தப்ப, காட்டோரமா இருந்த சீனவங்கள எல்லாம் கூட்டிட்டு வந்து முள்ளுவேலி போட்டு குடி வச்ச ஊருங்க. அங்க அரை நூற்றாண்டா குடியிருக்கிறவன் கையில இருக்கிறது குறுகிய கால குத்தகை, அது முடிய முடிய புதுப்பிக்க காசு கட்டணும். நிஜார் அரசாங்கம் இந்த புதுக்கிராமத்துக்கும் மலாய் கம்போங் தெர்சுசூன் குடியிருப்புகளுக்கும் சேர்த்து 999 வருஷ குத்தகை தர்றதுன்னு முடிவெடுத்துச்சு. சீனவங்களுக்கு நிலத்த தூக்கி குடுத்துட்டான்னு எதிர்ப்பிரச்சாரம் கிளம்புச்சு, மலாய் குடியிருப்புகளும் அந்த திட்டத்துல இருந்துச்சுன்னு சொன்னா கேக்கிறதுக்கு ஆளு இல்ல. நிலம்னு வந்துட்டா இந்த நாட்டுல கணக்கு யாரும் பாக்கிறதில்ல, யாருக்கு போச்சுங்கிறது மட்டும்தான் காதுல விழும்.

சபாநாயகரா துரோனோ சட்டமன்ற உறுப்பினர் வி. சிவகுமார போட்டாங்க, டிஏபி. மலேசியாவுல ஒரு மாநில சட்டமன்றத்துக்கு சபாநாயகரான முதல் இந்தியர். ஆட்சிக்குழுவுல, அதாவது மாநில அமைச்சரவையில, சுங்காய் தொகுதியிலிருந்து சிவநேசன். துணை சபாநாயகர் ஜெலாப்பாங் தொகுதியோட ஹீ யிட் ஃபோங், டிஏபி பெண்மணி. இந்த பேர ஞாபகத்துல வச்சிக்குங்க.

இப்ப 2009 ஜனவரிக்கு வருவோம். நெருக்கடிய ஆரம்பிச்சது யாருங்கிற கேள்விக்கு நம்ம பக்கம் சொல்ற கதையில ஒரு சின்ன ஓட்டை உண்டு, அத மூடி மறைக்காம சொல்லிடுறேன். ஜனவரி 25-ல முதல்ல தாவுனது பாரிசான் ஆளு. போத்தா தொகுதி அம்னோ உறுப்பினர் நசாருடின் ஹாஷிம் பிகேஆர்-ல சேர்ந்தாரு, அன்வார் பக்கத்துல உக்காந்து படம் எடுத்தாச்சு, பக்காத்தான்காரங்க கை தட்டுனாங்க. அதுக்கு முந்தின வருஷம் முழுக்க "செப்டம்பர் 16, மத்திய ஆட்சி கவிழும், பாரிசான் எம்பிங்க வர்றாங்க"ன்னு அன்வார் சொல்லிட்டே இருந்தாரு. கட்சி தாவுறவங்கள இங்க தவளைன்னுதான் சொல்லுவாங்க. நீ தவளை பிடிக்க குளத்துல இறங்குனா எதிராளியும் இறங்கத்தான் செய்வான், அவன்கிட்ட வலையும் பெருசு.

அந்த வலைக்கு பின்னாடி நின்னது நஜிப் ரசாக். அப்போ அவரு துணைப் பிரதமர், பிரதமரா ஆகுறதுக்கு ரெண்டே மாசம் இருந்துச்சு, பேரா பாரிசானோட பொறுப்பும் அவருகிட்டதான். ஜனவரி கடைசியில பெஹ்ராங் உறுப்பினர் ஜமாலுடின் ராட்ஸியும் சங்காட் ஜெரிங் உறுப்பினர் ஒஸ்மான் ஜைலுவும், ரெண்டு பேரும் பிகேஆர், திடீர்னு காணாம போனாங்க. ஃபோன் எடுக்கல. ரெண்டு பேரு மேலயும் ஏற்கனவே லஞ்ச குற்றச்சாட்டு வழக்கு நடந்துட்டு இருந்துச்சு (குற்றச்சாட்டுதான், தீர்ப்பு இல்ல, அத பிரிச்சு பாக்கணும்). அப்புறம் ஹீ யிட் ஃபோங்கும் டிஏபி-ய விட்டு வெளிய போனாங்க.

பக்காத்தான்கிட்ட ஒரு பழைய ஆயுதம் இருந்துச்சு, தேதி போடாத ராஜினாமா கடிதம். தேர்தலுக்கு அப்புறம் உறுப்பினர்கிட்ட கையெழுத்து வாங்கி பெட்டியில வச்சிக்கிறது, ஓடுனா தேதி போட்டு குடுத்துடுறது. அப்படி குடுத்த கடிதத்த வச்சு சிவகுமார் தொகுதி காலின்னு அறிவிச்சாரு. பிப்ரவரி 3-ல தேர்தல் ஆணையம் "இடைத்தேர்தல் கிடையாது, காலியான்னே சந்தேகம்"னு சொல்லிடுச்சு. உண்மைய சொன்னா அந்த கடிதம் சட்டப்படி பலவீனமான சமாச்சாரம்தான், 1980கள்லயே ஒரு சரவாக் வழக்குல இந்த மாதிரி முன்கூட்டியே வாங்கி வச்ச கடிதம் செல்லாதுன்னு நீதிமன்றம் சொன்னது உண்டு. அப்ப தாவுறவன எப்படி தடுக்கிறது? சட்டம் போட்டு தடுக்கலாம்னா, கிளந்தான் மாநிலம் போட்ட கட்சித்தாவல் தடைச் சட்டத்த 1992-ல உச்ச நீதிமன்றமே சங்கம் சேரும் சுதந்திரத்துக்கு எதிரானதுன்னு தூக்கி போட்டுடுச்சு. ஆக கதவுக்கு பூட்டும் இல்ல, தாழ்ப்பாளும் இல்ல.

பிப்ரவரி 4. நஜிப் அறிவிச்சாரு, அந்த மூனு பேரும் சுயேச்சையா இருந்து பாரிசான ஆதரிப்பாங்க, நசாருடினும் பத்தே நாள்ல அம்னோவுக்கு திரும்பிட்டாரு. கணக்கு போடுங்க: பாரிசான் 28, கூட மூனு, 31. பக்காத்தான் 28. ஒரு ஓட்டுப்பெட்டி கூட திறக்காம எண்ணிக்கை அப்படியே தலைகீழா மாறிடுச்சு.

நிஜார் சுல்தான போய் பாத்து சட்டமன்றத்த கலைக்க சொல்லி கேட்டாரு, மக்கள்கிட்டயே போயிடலாம்னு. சுல்தான் அஸ்லான் ஷா சாதாரண ஆளு இல்ல, நாட்டோட தலைமை நீதிபதியா, அப்போ லார்ட் பிரசிடென்ட்னு சொல்லுவாங்க, இருந்தவரு. சட்டம் அவருக்கு யாரும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல. கலைக்க கேட்டா ஆட்சியாளர் வழக்கமா மறுக்க மாட்டாருங்கிற மாதிரி அவரே முன்னாடி எழுதுனத எடுத்து வச்சு பக்காத்தான் ஆதரவாளருங்க நம்பிக்கையோட காத்துகிட்டு இருந்தாங்க. பிப்ரவரி 5-ல 31 பேரையும் நேர்ல பாத்து விசாரிச்ச சுல்தான், கலைக்க மறுத்துட்டாரு. நிஜாரையும் ஆட்சிக்குழுவையும் ராஜினாமா பண்ண சொன்னாரு. மறுநாளே அம்னோவோட பங்கோர்காரர் ஸம்ரி அப்துல் காடிர் மந்திரி பெசாரா பதவியேத்தாச்சு, கோலகங்சார்ல ரோட்டுல ஜனம் கூடி போலீஸ் கண்ணீர்ப்புகை அடிக்க வேண்டியதா போச்சு.

நிஜார் ராஜினாமா பண்ணல. மலாய் அரசியல்ல இது எவ்ளோ பெரிய காரியம்னு நம்மளுக்கு சட்டுனு புரியாது. சுல்தான் சொல்லை மீறுறதுக்கு "டெர்ஹாக்கா"ன்னு ஒரு வார்த்த உண்டு, ராஜதுரோகம்னு வச்சிக்கலாம், ஆனா நம்ம வார்த்தைய விட அதுல கனம் ஜாஸ்தி. ஹங் துவா காலத்து கதையிலிருந்து மலாய் பிள்ளைங்க கேட்டு வளர்ற வார்த்த அது. நிஜார் பழைய அரண்மனை மொழியில, நான் பணிஞ்சு கேக்கிறேன், இந்த ஒரு விஷயத்துல உடன்பட முடியலன்னு அந்த வார்த்தையையே போட்டு பேசிட்டாரு. அவ்ளோதான், "பாத்தீங்களா, அவனே ஒத்துக்கிட்டான்"னு ஊர் ஊரா அம்னோ ஆர்ப்பாட்டம். சுல்தான் முடிவ கோர்ட்ல கேள்வி கேக்கலாம்னு சொன்ன வழக்கறிஞர் கர்ப்பால் சிங் மேல தேச நிந்தனை வழக்கு போட்டாங்க. அந்த வழக்கு அவரு 2014-ல விபத்துல செத்த பிறகும் ஓடி, 2019-லதான் கூட்டரசு நீதிமன்றம் அவர நிரபராதின்னு சொல்லுச்சு.

சட்டச் சிக்கல் எங்கன்னு பாப்போம், கொஞ்சம் பொறுமையா படிங்க ஏன்னா முழு சண்டையும் இங்கதான். பேரா அரசியலமைப்போட 16-வது பிரிவு, ஆறாவது உட்பிரிவு சொல்றது இதுதான்: சட்டமன்ற உறுப்பினருங்க பெரும்பான்மையோட நம்பிக்கைய மந்திரி பெசார் இழந்துட்டா, அவரு கேட்டு சுல்தான் சட்டமன்றத்த கலைச்சா சரி, இல்லாட்டி ஆட்சிக்குழுவோட ராஜினாமாவ குடுக்கணும். எல்லாம் சரி, ஆனா நம்பிக்கைய இழந்துட்டாருன்னு எங்க வச்சு முடிவு பண்றது? சபைக்குள்ள ஓட்டெடுப்பு நடத்தியா, இல்ல அரண்மனையில 31 பேர எண்ணியா? இத பத்தி அந்த பிரிவு வாயே திறக்கல. ராஜினாமா பண்ண மாட்டேன்னு உக்காந்தவர என்ன பண்றதுன்னும் அதுல இல்ல.

இதுக்கு ரெண்டு பழைய வழக்கு இருக்கு. ஒன்னு சரவாக், 1966. முதலமைச்சர் ஸ்டீபன் கலோங் நிங்கான, உறுப்பினருங்க எழுதுன ஒரு கடிதத்த வச்சு ஆளுநர் நீக்கிட்டாரு, கோர்ட் அது செல்லாது, சபையில ஓட்டெடுப்புலதான் தெரியணும்னு தீர்ப்பு குடுத்துச்சு (அதுக்கப்புறம் மத்திய அரசு அவசரகாலம் அறிவிச்சு சட்டத்தையே மாத்தி அவர அனுப்புனது தனிக் கதை). இன்னொன்னு 1962-ல நைஜீரியாவுல நடந்த விவகாரம், அப்போ கடைசி மேல்முறையீட்டு இடமா இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1963-ல அதுல சபைக்கு வெளிய உள்ள ஆதாரமும் போதும்னு சொல்லுச்சு. நிஜார் தரப்பு நிங்கான பிடிச்சுகிட்டாங்க, ஸம்ரி தரப்பு நைஜீரியாவ பிடிச்சுகிட்டாங்க.

கோர்ட் தீர்ப்பு வர்றதுக்குள்ள ஈப்போவுல கூத்து ஆரம்பிச்சிடுச்சு. சிவகுமார் ஸம்ரியையும் அவரோட ஆறு ஆட்சிக்குழு உறுப்பினரையும் சபையில இருந்து இடைநீக்கம் பண்ணாரு, ஸம்ரிக்கு 18 மாசம், மத்தவங்களுக்கு 12 மாசம். ஏழு பேரும் உள்ள வர முடியலன்னா பெரும்பான்மை எங்க? புத்திசாலித்தனம்தான், ஆனா எதிராளி ரவுடித்தனம் பண்றான்னு சொல்லிகிட்டே நாமளும் விதிய வளைக்கிறோமோன்னு அன்னிக்கே எனக்கு உறுத்துச்சு. அப்புறம் மார்ச் 3-ல அவசரக் கூட்டம் கூட்டுனாரு. சட்டமன்றம் இருக்கிற மாநிலச் செயலக கட்டடத்து கேட்ட பூட்டிட்டாங்க, போலீஸ் நின்னுச்சு. சரின்னு பக்கத்துல இருந்த மழைமரத்துக்கு கீழயே சபைய கூட்டி, நிஜார் மேல நம்பிக்கை தீர்மானமும், சட்டமன்றத்த கலைக்கணும்னு தீர்மானமும் நிறைவேத்துனாங்க. "போக்கோ டெமோக்ராசி", ஜனநாயக மரம்னு பேரு வந்தது அப்படித்தான்.

சபாநாயகர் மேல வழக்கு வந்தப்ப இன்னொரு வேடிக்கை. சிவகுமார் தன் சொந்த வக்கீல வச்சு வாதாட முடியாது, மாநில சட்ட ஆலோசகர்தான் ஆஜராகணும்னு ஈப்போ உயர்நீதிமன்றத்துல சொல்லிட்டாங்க. எதிர்த்தரப்பு அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்ற அதிகாரிதான் இவருக்கும் வக்கீல்! ஏப்ரல்ல கூட்டரசு நீதிமன்றம் அந்த மூனு பேரும் உறுப்பினர்தான்னு ஒரு தீர்ப்பு, இடைநீக்கம் செல்லாதுன்னு இன்னொரு தீர்ப்பு.

ஆனா அதே ஏப்ரல்ல மக்கள் தீர்ப்பும் ஒன்னு வந்துச்சு. புக்கிட் கந்தாங் நாடாளுமன்ற உறுப்பினர் ரொஸ்லான் ஷஹாரும், பாஸ்காரர், இறந்து போய் இடைத்தேர்தல். பாஸ் நிஜாரையே நிறுத்துச்சு. தைப்பிங் பக்கத்துல மலாய்க்காரங்க பெரும்பான்மையா உள்ள தொகுதி, சுல்தான மீறுனவனுக்கு ஓட்டு போடலாமான்னு அம்னோ பிரச்சாரம் முழுக்க அதுதான். நஜிப் பிரதமராகி நாலே நாள் ஆகியிருந்துச்சு. ஏப்ரல் 7-ல பொட்டிய திறந்து பாத்தா நிஜார் 21,860, பாரிசான் வேட்பாளர் 19,071. வித்தியாசம் 2,789. சீனவங்க, நம்மவங்க ஓட்டு அவருக்கு கொட்டுச்சு, மலாய் ஓட்டு ரெண்டா பிரிஞ்சுச்சு. கடைத்தெருவுல மாண்டரின்ல பேசி, நம்ம ஆளுங்ககிட்ட தமிழ்ல பேசி ஓட்டு கேட்ட ஒரு பாஸ் வேட்பாளர அதுக்கு முன்னாடி நாங்க பாத்ததே இல்ல, வயசானவங்க எல்லாம் "தமிழ் பேசுற மந்திரி பெசார்"னுதான் அவர சொல்லுவாங்க, பேரு கூட வராது.

இப்ப மே 7. நியாயமா பாத்தா சட்டமன்றத்துக்கு வருஷத்துல நல்ல நாளு, ஆட்சியாளர் தொடக்க உரை. சுல்தானுக்கு பதிலா ராஜா மூடா (பட்டத்து இளவரசர்) நஸ்ரின் ஷா வந்தாரு. உள்ள ரகளை. சிவகுமார் நாற்காலிய விட்டு எழும்ப மாட்டேன்னு உக்காந்திருக்காரு, அந்த பக்கம் பாரிசான்காரங்க தீர்மானம் போட்டு ம.இ.கா-வோட ஆர். கணேசன புது சபாநாயகர்னு அறிவிச்சிட்டாங்க. ஒரே சபையில ரெண்டு சபாநாயகர், ரெண்டு பேரும் தமிழரு. நினைச்சு பாருங்க, ஒரு மாநிலத்து ஆட்சி யாருதுன்னு மலாய் தலைவருங்க ரெண்டு பேரு சண்ட போடுறாங்க, நாற்காலிக்கு இழுபறியில நிக்கிறது நம்மாளு ரெண்டு பேரு. கடைசியில சாதாரண உடுப்புல வந்த ஆளுங்க சிவகுமார தூக்கி இழுத்துட்டு போயி ஒரு ரூம்ல வச்சிட்டாங்க. ராஜா மூடா காலையிலேர்ந்து பக்கத்து அறையில மணிக்கணக்கா காத்துகிட்டு இருந்து, எல்லாம் அடங்கின பிறகு மத்தியானம் வந்து உரைய படிச்சாரு. வெளிய கருப்பு சட்ட போட்டுட்டு வந்தவங்கள போலீஸ் பிடிச்சிட்டு இருந்துச்சு.

நாலே நாள் கழிச்சு, மே 11, கோலாலம்பூர் உயர்நீதிமன்றத்துல நீதிபதி அப்துல் அஜிஸ் அப்துல் ரஹிம் நிங்கான் வழக்க பின்பற்றி தீர்ப்பு சொன்னாரு: நம்பிக்கைய இழந்தது சபையில ஓட்டெடுப்புலதான் தெரியணும், அதனால நிஜார்தான் சட்டப்படி மந்திரி பெசார். அன்னிக்கு ராத்திரி ஈப்போவுல பட்டாசு வெடிச்ச மாதிரி சந்தோஷம். மறுநாள் காலையில நிஜார் மந்திரி பெசார் ஆபீசுக்கு போனாரு, நாற்காலியில உக்காந்தாரு, ஆட்சிக்குழு கூட்டம் போட்டாரு. மத்தியானம் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்ப நிறுத்தி வச்சிருச்சு. ஒரு நாள் கூட முழுசா இல்ல. கண்ணாலம் முடிஞ்சு மால வாடுறதுக்குள்ள தாலிய கழட்டுன கதன்னு எங்க பக்கத்து வீட்டு பாட்டி சொன்னாங்க, அதவிட சரியா யாரும் சொல்லல.

மே 22-ல மேல்முறையீட்டு நீதிமன்றம் முழுசா ஸம்ரி பக்கம் தீர்ப்பு குடுத்துச்சு, 2010 பிப்ரவரி 9-ல கூட்டரசு நீதிமன்றத்துல அஞ்சு நீதிபதிங்களும் ஒருமனசா அதையே உறுதி பண்ணாங்க. சபைக்கு வெளிய உள்ள ஆதாரத்த வச்சும் நம்பிக்கை போச்சான்னு முடிவு பண்ணலாம், சபையில ஓட்டெடுப்பு கட்டாயமில்லன்னு. அதோட வழக்கு முடிஞ்சுது.

என் கருத்த கேட்டா, அரசியலமைப்பு வரியில ஓட்டெடுப்புன்னு எழுதல, அதனால நீதிபதிங்க சொன்னதுக்கு இடம் இருக்கு. ஆனா சபை கதவு பக்கத்துலயே இருக்கிறப்ப, அந்த எண்ணிக்கைய மூடின அறையில ஏன் எண்ணணும்? சபையில எண்ணுனா அந்த மூனு பேரும் தொகுதிக்காரங்க பாக்க எழுந்து நின்னு கை தூக்கணும். அந்த வெக்கத்த அவங்களுக்கு மிச்சம் பண்ணி குடுத்ததுதான் இதுல எனக்கு ஆறாத விஷயம்.

அதுக்கப்புறம் நிஜாரோட அரசியல் ஏறவும் இல்ல, அணையவும் இல்ல. 2012-ல ஜோகூர் சுல்தான் WWW 1-ங்கிற கார் நம்பர 5,20,000 ரிங்கிட்டுக்கு ஏலத்துல எடுத்தப்ப, அந்த காசுல ஏழைங்களுக்கு வீடு கட்டலாமேன்னு ட்விட்டர்ல எழுதி மறுபடியும் ராஜவிசுவாச புயல்ல மாட்டுனாரு. 2013 தேர்தல்ல அவரு சங்காட் ஜெரிங்ல நின்னு ஜெயிச்சாரு, தாவிப் போன ஒஸ்மான் ஜைலு இருந்த அதே தொகுதி, அத வேணும்னே தேர்ந்தெடுத்தாருன்னுதான் நான் நினைக்கிறேன். ஆனா மாநிலத்துல? பாரிசான் 31, பக்காத்தான் 28. மொத்த ஓட்டு பக்காத்தானுக்குதான் அதிகம், சீட்டு பாரிசானுக்கு அதிகம். 2009 பிப்ரவரியில தாவுனதுல வந்த அதே எண்ணிக்கை, இந்த தடவ நேர்மையா தேர்தல்லயே வந்து உக்காந்துச்சு, விதின்னா இப்படியா விளையாடும்.

2015-ல பாஸ் உடைஞ்சுச்சு, டிஏபி கூட சேர்ந்து இருக்கலாம்னு நினைச்சவங்க வெளிய வந்து அமானா கட்சி ஆரம்பிச்சாங்க, நிஜாரும் அதுல. 2018-ல மத்தியில பாரிசான் கவிழ்ந்தப்ப பேராவுல டிஏபி, பிகேஆர், அமானா, பெர்சத்து சேர்ந்த புது கூட்டணி பக்காத்தான் ஹரப்பான் 29, பாரிசான் 27, பாஸ் 3. நிஜார் சுங்கை ராப்பாட்ல ஜெயிச்சிருந்தாரு, பத்து வருஷம் கழிச்சு அந்த நாற்காலி அவருக்கு திரும்ப கிடைக்கும்னு நம்ம தாமான்ல பந்தயம் கட்டுனவங்க உண்டு. கிடைக்கல. பெர்சத்து கட்சியோட அகமட் ஃபைசால் அசுமு மந்திரி பெசார் ஆனாரு. அந்த கட்சி பேரா சட்டமன்றத்துல ஜெயிச்சது எத்தன சீட்டு தெரியுமா, ஒன்னே ஒன்னு. ஆறு சீட்டுக்காரர் ஆகலாம்னா ஒரு சீட்டுக்காரரும் ஆகலாம்ல! பெரும்பான்மைக்கு தேவையான மிச்ச ஆதரவும் பாரிசான் பக்கத்துல இருந்து ரெண்டு பேரு வந்துதான் கிடைச்சுது, அப்ப யாரும் தவளைன்னு பெருசா கத்தல.

அந்த ஃபைசால் 2020 மார்ச்ல அணி மாறி அம்னோவோட சேர்ந்து மறுபடி மந்திரி பெசார் ஆனாரு, அதே வருஷம் டிசம்பர் 4-ல அம்னோவே அவர கைவிட்டுச்சு. எப்படின்னு பாருங்க: சட்டமன்றத்துல நம்பிக்கை ஓட்டெடுப்பு, ஆதரவா 10, எதிரா 48, ஒரு செல்லாத ஓட்டு. கதவு திறந்திருந்துச்சு, சபாநாயகர் நாற்காலியிலயே இருந்தாரு, யாரும் யாரையும் இழுக்கல. பதினோரு வருஷம் முன்னாடி நிஜார் கேட்டதும் இது ஒன்னுதான்.

2022-ல கட்சித் தாவல் தடைக்கு கூட்டரசு அரசியலமைப்பையே திருத்துனாங்க. அதே வருஷம் நவம்பர் தேர்தல்ல பேராவுல பாஸும் பெர்சத்துவும் சேர்ந்த பெரிக்காத்தான் 26, ஹரப்பான் 24, பாரிசான் 9, யாருக்கும் பெரும்பான்மை இல்ல. ஹரப்பானும் பாரிசானும் கை கோத்துச்சு, அம்னோவோட சாரானி மந்திரி பெசார், அவரு ஆட்சிக்குழுவுல டிஏபி சிவநேசன், ஆமா நிஜார் ஆட்சிக்குழுவுல இருந்த அதே சிவநேசன்தான்.

அந்த டிசம்பர்ல, புதுசா பிரதமரான அன்வாரோட அமைச்சரவை பதவியேத்தப்ப எடுத்த படத்த தேடி பாருங்க. வெளியுறவு அமைச்சர் ஸம்ரி அப்துல் காடிர். மனிதவள அமைச்சர், அவர 18 மாசம் சபைய விட்டு வெளிய நிறுத்துன வி. சிவகுமார். ஊராட்சித் துறை அமைச்சர், நூல இழுக்கிறவன்னு அம்னோ திட்டுன ஙா கோர் மிங். மூனு பேரும் ஒரே வரிசை, ஒரே மேசை. நிஜார் மட்டும் அந்த படத்துல இல்ல.